மரியாதையான ரிஜெக்ட்

எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும் என்று வீட்டிலும் சொல்வார்கள், வேலை செய்யும் இடத்திலும் சொல்வார்கள். ஊரே மூக்கை மூடிக்கட்டிக்கொண்டு திரிந்த அந்த வருடத்தில் அது எங்கே போய் உட்காரும், நீங்களே சொல்லுங்கள். உள்ளேயே கிடந்து புழுங்கியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதும் கோபமாகத்தான் இருந்தேன். ஆளுக்கு ஆறடி தள்ளித் தரையில் வெள்ளை வட்டம் போட்டிருந்தார்கள். எனக்கு முன் வட்டத்தில் அம்மா. முடி கொட்டிய தலையில் பருத்தித் துணி, கையில் ஃபைல். அம்மாவுக்கு மார்பில் கட்டி. இருபத்தொரு நாளுக்கு ஒரு கீமோவாக மொத்தம் ஆறு, கட்டி சுருங்கியதும் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று முடிந்துவிட்டது. அன்றைக்கு நாலாவது.

கட்டி நன்றாகவே சுருங்கிக்கொண்டு வந்தது. டாக்டர் சென்டிமீட்டரில் சொன்னதை அம்மா தன் கணக்கில் மாற்றிக்கொண்டாள். "கோட்டு பட்டனா இருந்தது சட்டை பட்டனா ஆயிடுச்சுடி" என்று மூன்றாவது ஊசி முடிந்த வாரம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். புது மெஷின் வாங்கிய மாதிரி இருந்தாள்.

வாசலில் ஒரு காவலாளி துப்பாக்கி மாதிரி ஒன்றை நெற்றிக்கு நேரே நீட்டினான். அம்மாவுக்குச் சரியாக இருந்தது. எனக்கும் சரியாகத்தான் இருந்தது, ஏனென்றால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்தேன். முதல் நாள் சாயங்காலம் உடம்பு அனலாகக் கொதித்தது. போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு, இது சும்மா அலுப்புதான் என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன். நாலாவது ஊசி ஏறிவிடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அடுத்து கீமோ வார்டு சிஸ்டர் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேள்வி கேட்டார். இருமல் உண்டா, வெளியூர் போனீர்களா, மூன்று நாளில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்ததா. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் இரவு நடுங்கியது அவளுக்குத் தெரியும் என்று அந்தப் பார்வையிலேயே புரிந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் சிஸ்டருக்குப் பின்னால் கண்ணாடி வழியாக வார்டு தெரிந்தது. வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் மொட்டைத் தலையோடு ஒருவர். ஓரத்தில் பள்ளிக்கூடப் பை சைஸில் ஒரு பெண் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அந்த மருந்து ஏறியவர்களுக்கு நோயை எதிர்க்கச் சக்தியே இருக்காது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்த சிஸ்டர்தான்.

"எனக்கு நேத்து காய்ச்சல் இருந்துச்சு சிஸ்டர். மாத்திரை போட்டுட்டு வந்திருக்கேன்" என்றேன்.

சிஸ்டர் இரண்டடி பின்னால் போனார். டாக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று போனில் பேசினார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொன்னார். வீட்டில் ஒருத்திக்கு வந்துவிட்டால் அம்மாவுக்கும் வரலாம், அந்த உடம்போடு கீமோ ஏற்றினால் ஆளே மிஞ்சமாட்டார், இரண்டு வாரம் பார்த்துவிட்டு இரண்டு பேருக்கும் டெஸ்ட் சரியாக வந்தால் தொடரலாம் என்றார்.

"ரெண்டு வாரம் தள்ளிப்போனா சமாளிச்சுக்கலாம். மூணைத் தாண்ட விட்டுடாதீங்க. சுருங்கினது மறுபடி வளர ஆரம்பிச்சுடும்."

சிஸ்டர் அம்மாவின் ஃபைலை வாங்கி, அட்டைமேல் சிவப்புப் பேனாவால் பெரிதாக இங்கிலீஷில் நாலு எழுத்து எழுதி, சுற்றி வட்டம் போட்டார். நாங்களே அம்மா நம்பருக்கு போன் பண்ணுவோம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். எழுதியது ஹோல்ட். நிறுத்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நான் அதை இரண்டாம் தடவை பார்க்கக்கூட இல்லை.

அம்மா பார்த்தாள். இங்கேதான் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆயத்த ஆடைக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அம்மா முப்பது வருடம் காலை ஷிப்டில் செக்கர். தைத்து முடிந்த ஒவ்வொரு பீஸையும் விளக்கு வெளிச்சத்தில் விரித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். தப்பு இருக்கும் இடத்தில் அம்பு போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். அதனால் 'அம்பு அக்கா' என்று பெயர். அவள் மேஜைப் பக்கம் நடக்கவே தையல்காரிகள் பயப்படுவார்கள். பெற்ற மகள் என்று எனக்கு மட்டும் சலுகையா என்ன? என் முதல் வாரத்தில் நான் தைத்த பதினோரு காலரிலும் அம்பு.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்தது மொத்தம் நாலு வார்த்தை, அதுவும் படமாகத்தான். பாஸ், ஆல்டர், ரிஜெக்ட், ஹோல்ட். சரியாக இருந்தால் பாஸ், அவளுடைய பதினேழாம் நம்பர் முத்திரை விழும். திருத்தக்கூடியது ஆல்டர். உதவாதது ரிஜெக்ட், கிழித்து எண்ணெய் துடைக்கப் போய்விடும். இதில் எதிலும் சேராதது ஹோல்ட், சிவப்பு டேப் சுற்றிய ராக்கில் போய் உட்காரும். மறுநாள் காலை அம்மா வரும்போது அந்த ராக் காலியாக இருக்கும். அதையும் கிழித்துவிட்டார்கள் என்று அவள் முப்பது வருடமாக நம்பினாள்.

அன்றைக்கே எடுத்த கொரோனா டெஸ்டில் எனக்குப் பாசிட்டிவ். அம்மாவுக்கு இல்லை. வீட்டில் இருப்பது இரண்டே அறை, உள்ளறைக்குள் நான் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மா சாப்பாட்டைக் கதவருகே வைத்து இரண்டு தட்டு தட்டிவிட்டுத் தள்ளிப் போய்விடுவாள். நோயாளிக்கு நான் பணிவிடை செய்ய வேண்டிய காலத்தில் நோயாளி எனக்குச் சமைத்துப் போட்டாள். அந்தத் தட்டை எடுக்கும்போதெல்லாம் அழுகை வந்தது. அழுதால் மூக்கு அடைக்கும், மூக்கு அடைத்தால் பயம் வரும், அதனால் திட்டிக்கொண்டேன். வைரஸைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன், என்னைத் திட்டினேன்.

வேறு ஊரில் மாட்டிக்கொண்ட தம்பி தினமும் போன் செய்து அவன் பங்குக்கு ஏற்றிவிட்டான். மாத்திரைதான் போட்டாயே, பிறகு ஏன் அரிச்சந்திரன் வேஷம், கமுக்கமாக இருந்திருந்தால் அம்மாவுக்கு ஊசி ஏறியிருக்குமே என்றான். அந்தப் பள்ளிக்கூடப் பை சைஸ் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு அது காதில் ஏறவில்லை. அவன் அம்மா அவனுக்கு. ஒருநாள் நான் போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன். நல்லவேளை, கட்டில்.

தினமும் காலையில் கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரே கேள்வி கேட்டேன், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததா என்று. வரவில்லை என்று அம்மா சொன்னாள். நான் அழைத்தால் எப்போது பார்த்தாலும் எங்கேஜ். எட்டாம் நாள், பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் என்று நாளை எண்ணிக்கொண்டே கிடந்தேன். வெளியே அம்மா அலமாரியைத் திறந்து மூடும் சத்தம் அடிக்கடி கேட்டது. என்ன செய்கிறாய் என்றால், சும்மா ஒழுங்குபடுத்துகிறேன் என்பாள். குரல் அத்தனை நிதானமாக இருந்தது. அந்த நிதானத்தைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மரமண்டை, படவில்லை.

பதினாலாம் நாள் எடுத்த டெஸ்டில் இரண்டு பேருக்கும் நெகட்டிவ். பதினாறாம் நாள் காலை, வியாழக்கிழமை, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அம்மாவின் துணியெல்லாம் மடித்துக் கட்டாக்கி, யாருக்கு எது என்று தனித்தனியாக வைத்திருந்தாள். அவளுடைய நூல் வெட்டும் கத்திரியை என் பெயர் எழுதிய உறையில் போட்டிருந்தாள். என் போனில் சார்ஜ் இல்லை, ஆஸ்பத்திரியை அழைக்க அம்மாவின் போனை எடுத்தேன். அழைப்புப் பட்டியலில் ஆஸ்பத்திரி நம்பர் நாலு தடவை இருந்தது. நாலும் எடுத்துப் பேசிய அழைப்பு.

"அம்மா, போன் வந்துச்சா?"

"வந்துச்சு. வரச் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்றாள் அம்மா, தண்ணீர் வண்டி வந்துவிட்டுப் போன விஷயத்தைச் சொல்வது மாதிரி.

நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுப் பால் வண்டி அண்ணன் படியேறி வந்து பாதியில் நின்றார். என்னென்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. உனக்குப் பைத்தியமா என்று கேட்டது நினைவிருக்கிறது. அம்மா கட்டில் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நான் மூச்சுவிடும்வரை காத்திருந்தாள். பிறகு தலையணைக்குப் பக்கத்திலிருந்து ஃபைலை எடுத்து அட்டையை என் பக்கம் திருப்பினாள்.

"ஹோல்டுல போட்டதை எதுக்குடி மறுபடி லைன்ல ஏத்தணும்? ஹோல்டுன்னா என்ன, மரியாதையான ரிஜெக்ட். மூஞ்சிக்கு நேரா சொல்ல அந்த சிஸ்டருக்கு மனசு வரல. நான் எத்தனை போட்டிருக்கேன். ஒண்ணாவது திரும்பி வந்து பார்த்திருக்கேனா? அந்த நாற்காலியை யாராவது சின்னப் பொண்ணுக்குக் கொடுங்கன்னு சொல்லிட்டேன்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கையை வெச்சுப் பார்த்தேன். மறுபடி கோட்டு பட்டன் ஆகிட்டு வருது. அவங்க கண்ணு சரியாத்தான் பார்த்திருக்கு."

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பயம் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியை அழைத்தேன். ஒன்பதாவது முயற்சியில் சிஸ்டர் எடுத்தார். உங்கள் அம்மா வரவே மாட்டேன் என்றதால் பெயரை எடுத்துவிட்டோம் என்றார். நான் கெஞ்சிய கெஞ்சலில் ஏதோ பட்டியலைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பன்னிரண்டு மணிக்கு வரவேண்டிய ஒருவர் வரமாட்டாராம், அந்த நாற்காலி காலி. நாளையிலிருந்து இந்த வார்டு கொரோனா வார்டு, கீமோ வேறு கட்டிடத்துக்குப் போகிறது, அங்கே என்றைக்குத் திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. பன்னிரண்டுக்குள் வந்தால் ரத்தம் எடுத்துப் பார்த்து ஏற்றிவிடலாம். மணி பத்தே முக்கால்.

அம்மாவிடம் ஹோல்ட் என்றால் 'இரு, வருகிறேன்' என்று அர்த்தம் என்றேன். அம்மா அசையவில்லை. தம்பியை ஸ்பீக்கரில் போட்டேன், அவன் அழுதான். அதற்கும் அசையவில்லை. சிஸ்டரே போனை வைக்கும் முன் இதையே அவளிடம் சொல்லிப் பார்த்திருந்தார். பாவம், அவர் வேலைக்கு அவர் அப்படித்தான் சொல்லுவார் என்றாள் அம்மா. அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வழக்கமாக நானும் அவளும் முட்டிக்கொண்டால் நான் கதவை அறைந்துவிட்டுப் போய்விடுவேன். அன்று போக முடியாது. சுவரில் கடிகாரம் பதினொன்றைத் தொட்டது.

அவளிடம் சொல்ல இன்னொன்று இருந்தது. ஒன்பது வருடமாக நான் விழுங்கி வைத்திருந்த விஷயம். அதைச் சொன்னால் அவள் என் முகத்தில் முழிக்கவே மாட்டாள் என்று பயந்து வைத்திருந்தேன். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.

"ஹோல்ட்ல போனது திரும்பி வந்திருக்கும்மா. நீ பார்க்கலை. ரெண்டாவது ஷிப்ட்ல வந்துச்சு."

அம்மா புருவத்தைச் சுருக்கினாள். நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். அம்மா இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவாள், அதன்பிறகு லைனுக்கு நான்தான் சூப்பர்வைசர். அன்றைய கணக்கு குறையும்போதெல்லாம் ஹோல்ட் ராக்கிலிருந்து பீஸை எடுத்துப் போட்டுத் தையலைப் பிரித்து, மறுபடி தைத்து, அவள் ஒட்டிய அம்பை நகத்தால் உரித்துவிட்டு அனுப்பினோம். எதையும் கிழிக்கவில்லை. பகலில் ஆளும் நேரமும் இல்லாததால்தான் அவை ராக்கில் காத்திருந்தன. நேரம் கிடைத்ததும் எடுத்தோம்.

"பாஸ் முத்திரை யாருது?" என்று கேட்டாள் அம்மா.

"உன்னுது. பதினேழு. உன் டிராயர் சாவிக்கு இன்னொண்ணு பண்ணி வெச்சிருந்தேன்."

வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அம்மாவின் கண்கள் சிறுத்தன. அவள் மூளை எங்கே ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். முப்பது வருடத்தில் அவள் வாங்கியது ஒரே ஒரு மெமோ. குழந்தைகள் கோட்டு நாற்பது, கை தப்பாக வைத்துத் தைத்தது. அவள் ஹோல்டில் போட்ட ஞாபகம், ஆனால் பதினேழாம் நம்பர் முத்திரையோடு வாங்கியவர்களுக்குப் போய், இரண்டு கோட்டு திரும்பி வந்தது. கண் மங்கிவிட்டது போல என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னான். அம்மா ஒரு வாரம் சாப்பிடவில்லை. கண்ணாடிக் கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்திலேயே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

"அந்த மெமோ" என்றாள்.

"ஆமாம்மா."

அம்மா எழுந்தாள். பதினாறு நாளாக மெல்ல மெல்ல நடந்தவள் ஒரே எழும்பாக எழுந்து, மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து என் முதுகில் ஒன்று போட்டாள். என் நம்பர், என் நம்பர் என்று சொல்லிச் சொல்லி இன்னும் இரண்டு. எனக்கு வலிக்கவில்லை. அவள் அடிக்கிறாளே என்று ஒரே நிம்மதியாக இருந்தது. அந்தக் கேப்பில் ஃபைலை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினேன். திட்டுவதற்கு ஆள் வேண்டுமே, அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

பால் வண்டிக்குத்தான் சாலையில் ஓட அனுமதி இருந்தது. அண்ணன் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார். அம்மா முன்னால், நான் பின்னால் காலிப் பால் பெட்டிகளுக்கு நடுவில். இரண்டுக்கும் இடையே கையகல ஜன்னல். அதன் வழியாக அம்மா வழிநெடுக என்னைத் திட்டினாள். திருட்டுச் சாவி போட்ட கையா உன் கை, எட்டு வயசிலேயே என் பவுடர் டப்பாவைத் திறந்தவள்தானே நீ, உன்னை நம்பிப் பக்கத்து மேஜையில் உட்காரவைத்தேனே என்று விடாமல். நடுவில் மூச்சு வாங்கியபோது மட்டும் நிறுத்தினாள். அப்போது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

தடுப்பில் வண்டியை நிறுத்தினார்கள். போலீஸ்காரர் பால் எங்கே என்று கேட்டார். நான் ஃபைலை நீட்டினேன். அவர் நிதானமாக முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். பதினொன்று நாற்பது. என் நாக்கு வரைக்கும் வந்த வார்த்தைகளை மாஸ்க்குக்குள்ளேயே மென்று விழுங்கினேன். அம்மா தலைத்துணியை அவிழ்த்துத் தன் மொட்டைத் தலையைக் காட்டினாள். அவர் ஃபைலை மூடிக் கொடுத்துவிட்டுத் தடுப்பைத் தூக்கினார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம். சிஸ்டர் கதவில் நின்றிருந்தார். துணைக்கு யாரும் உள்ளே வரக்கூடாது, நோயாளி மட்டும் என்றார். அம்மா கதவைத் தாண்டவில்லை. ஃபைலை என்னிடமிருந்து பிடுங்கி அவரிடம் நீட்டினாள்.

"இதை முதல்ல அடிங்க சிஸ்டர்."

சிஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிவப்புப் பேனாவை எடுத்து ஹோல்டின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அம்மா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். எழுத்து இன்னும் தெரிகிறது என்று திருப்பிக் கொடுத்தாள். சிஸ்டர் மறுபடி மறுபடி கிறுக்கி எழுத்தே தெரியாமல் பண்ணினார். அப்புறம்தான் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அந்த நாப்பதுல ரெண்டுதான் திரும்பி வந்துச்சா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, அந்த இரண்டும் என் தையலால் வரவில்லை என்று. அம்புக்காரியிடம் அது எடுபடாது. "ரெண்டு வந்துச்சும்மா. மீதியெல்லாம் நல்லபடியா வித்துப் போயிடுச்சு" என்றேன்.

"முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டு."

"யாரு தைச்சது?"

"நான்தான். ஒவ்வொரு கையா பிரிச்சு, திருப்பி வெச்சேன்."

அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். முப்பது வருடம் துணியைப் பார்த்த அதே பார்வை. பிறகு துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே உள்ளே காலை வைத்தாள்.

"நான் வெளியில வரட்டும், உனக்கு இருக்கு."

பதினாறு நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் 'வரட்டும்' அது. கதவு சாத்திக்கொண்டது. நான் போய்ப் பால் பெட்டிமேல் உட்கார்ந்து, மாஸ்க் நனையும்வரை அழுதேன். கிளம்பலாமா, இன்னும் நேரமாகுமா என்று அண்ணன் கேட்டார்.

"நாலு மணி நேரம் ஆகும்ணே. நீங்க போங்க. நான் இருந்து திட்டு வாங்கிட்டு வரேன்" என்றேன்.